பத்து மணிக்குப் பிறகு கூத்து: ஓர் அனுமதி மனுவின் நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில், 2025ஆம் ஆண்டு சித்திரை மாதம் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா நடந்தது. அந்த விழாவின் இரவு நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்டு ஊர் கொடுத்த மனு எந்தெந்த மேசைக்குப் போனது, என்ன பதில் பெற்றது, அந்தப் பதில் களத்தில் என்ன விளைவித்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் விழாக் குழுவினர் மனுவை என்னிடம் எழுதச் சொன்னார்கள். ஆகவே நான் இதில் வெளியாள் அல்ல. ஊரின் பெயரையும் அலுவலகங்களின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். இதில் ஆராய வேண்டியது முடிவெடுக்கப்பட்ட முறைதான். எங்கள் பக்கத்து ஊர்கள் பலவற்றிலும் பங்குனி முதல் ஆடி வரை நடப்பது ஏறக்குறைய இதுவே.

மனுவில் கேட்டது

விழா ஏப்ரல் 17ஆம் தேதி கொடியேற்றத்தோடு தொடங்கி மே 4ஆம் தேதி படுகளம், தீமிதியோடு நிறைவடைவதாக ஊர் நாள் குறித்திருந்தது. பதினெட்டு நாளும் பிற்பகலில் பாரதம் படிப்பார்கள். கடைசி ஒன்பது இரவுகள், அதாவது ஏப்ரல் 25 முதல் மே 3 வரை, தெருக்கூத்து. வில் வளைப்பில் தொடங்கி, துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது என வளர்ந்து, மே 2 இரவு கர்ண மோட்சமும் மே 3 இரவு பதினெட்டாம் போரும் நடக்கும். பதினெட்டாம் போர் விடியும்வரை ஓடி, துரியோதனன் வேடக்காரர் அப்படியே படுகளத்துக்குப் போவார். அங்கே மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் படுத்திருக்கும். ஆகையால் அந்த இரவுக் கூத்தும் மறுநாள் காலைச் சடங்கும் ஒரே நிகழ்வின் இரண்டு பாதிகள். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றை மட்டும் நடத்த முடியாது.

இவற்றோடு, மே 4 இரவு தீமிதி முடிந்தபின் ஆடல் பாடல் நிகழ்ச்சி வைக்க வேண்டும் என்று இளைஞர்கள் பிடிவாதமாக நின்றார்கள். கூத்தையும் ஆடல் பாடலையும் தனித்தனி மனுவாகக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். இரண்டுக்கும் அலைய ஆளில்லை, ஒரே மனுவாகப் போகட்டும் என்று குழு முடிவெடுத்தது. பின்னால் நேர்ந்த குழப்பத்தில் பாதி அந்த முடிவிலிருந்தே வந்தது. நானும் அதற்கு உடன்பட்டேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மனுவை ஏப்ரல் 2ஆம் தேதி காவல் நிலையத்தில் கொடுத்து, உட்கோட்ட அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்பினோம். தற்காலிக மின் இணைப்புக்கான ரசீது, மேடையும் தீக்குண்டமும் இருக்கும் இடத்தின் வரைபடம், ஊராட்சியின் தடையின்மைச் சான்று ஆகியவற்றை இணைத்திருந்தோம். அந்தச் சான்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, எங்கள் மாவட்டத்திலும் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குப் போயிருந்தன. தலைவர் இருந்திருந்தால், எந்தத் தெருவுக்கு எது தொந்தரவு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் தெருக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து சொல்லியிருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்த சான்றில் "ஆட்சேபனை இல்லை" என்ற ஒற்றை வரியும் முத்திரையும் இருந்தன. ஊரைத் தெரிந்த ஒருவர் ஊரைப் பற்றி யோசித்து எழுதியதற்கான அடையாளம் எதுவும் அதில் இல்லை.

காவல் நிலைய எழுத்தர், ஒன்பது நாள் கூத்தின் கதையையும் வசனத்தையும் எழுதித் தரச் சொன்னார். நாடகப் பிரதியை முன்கூட்டியே காட்டி அனுமதி பெற வேண்டும் என்று கட்டாயப்படுத்திய 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று அறிவித்துவிட்டது. இதைச் சொல்லி வாதாடாமல், நாளுக்கு நான்கு வரியாகக் கதைச் சுருக்கம் எழுதிக் கொடுத்தோம். கூத்தில் கதையை அறிமுகப்படுத்திச் சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரன் பேசப்போவதை எப்படி எழுதித் தருவது? அன்றைக்கு எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தானே அவன் பேசவே தொடங்குகிறான்.

விதி சொல்வது

எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் "பத்து மணிக்கு மேல் மைக் கூடாது" என்பார்கள். விதி அதைவிட விரிவானது. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000ஆம் ஆண்டு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் நின்று அளக்கும்போது, அப்பகுதியின் வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர், அரசு அறிவித்தால், அமைதி மண்டலம்.

உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18ஆம் தேதி அளித்த தீர்ப்பு இந்த விதிகளுக்கு வலுவூட்டியது. பலாத்காரத்துக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் கூக்குரல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிச் சத்தத்தில் யார் காதிலும் விழாமல் போன துயரத்தைச் சுட்டிக்காட்டித் தொடுக்கப்பட்ட வழக்கு அது. ஒலிபெருக்கிக் கட்டுப்பாட்டை ஏதோ விழாவுக்கு எதிரான தொல்லை என்று பேசுகிறவர்கள், அந்த வழக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒரு முறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். நான் கூத்தின் பக்கம் நிற்பவன். ஆனாலும் இந்த விதி தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

விழாக்களுக்கு ஒரு விலக்கு உண்டு. 2002இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, பண்பாட்டு அல்லது சமய விழாக்களில் இரவு 10 மணி முதல் 12 மணி வரை ஒலிபெருக்கியை அனுமதிக்கலாம். ஆனால் ஓர் ஆண்டில் மொத்தம் 15 நாட்களுக்கு மேல் கூடாது. இந்த விலக்கு செல்லும் என்று 2005 அக்டோபரில் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், அந்த அதிகாரம் மாநில அரசுக்கு மட்டுமே உரியது, அதைக் கீழே பிரித்துக் கொடுக்கக் கூடாது, மாவட்டத்துக்கு ஒரு தேதி என்று குறிக்கக் கூடாது என்றது. பிறகு 2010இல் விதி மீண்டும் திருத்தப்பட்டு, அரசின் அதிகாரம் பெற்ற மாவட்ட அமைப்பும் தன் எல்லைக்குள் அந்த நாட்களை முன்கூட்டியே குறிக்கலாம் என்று ஆனது.

இந்தப் பதினைந்து நாளில்தான் கூத்து சிக்கிக்கொள்கிறது. தீபாவளியோ புத்தாண்டோ எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வரும். அதை முன்கூட்டியே பட்டியலில் சேர்க்கலாம். பாரத விழா அப்படியல்ல. ஒவ்வோர் ஊரும் மழை, அறுவடை, வரி வசூல், கூத்து வாத்தியாரின் ஒழிவு எல்லாவற்றையும் பார்த்து, அம்மனிடம் பூ கேட்டு, தனக்கென்று நாள் குறிக்கிறது. மாவட்டம் முழுவதற்கும் பதினைந்து நாள் என்றால், எங்கள் ஊர் ஒன்றே ஒன்பதை எடுத்துக்கொண்டுவிடும்.

அதே 2010 திருத்தம் இன்னொன்றையும் செய்தது. இரவில் பயன்படுத்தக் கூடாதவை என்ற பட்டியலில் ஒலிபெருக்கியோடு இசைக்கருவிகளும் ஒலி எழுப்பும் கருவிகளும் சேர்ந்தன. மூடிய அரங்குகளுக்கும் பொது அவசர நிலைக்கும் மட்டும் விலக்கு. எழுத்துக்கு எழுத்து படித்தால், மைக்கை அணைத்துவிட்டுத் திறந்த வெளியில் மத்தளத்தையும் முகவீணை என்னும் சிறு நாயனத்தையும் வாசிப்பதும் பத்து மணிக்கு மேல் தடைக்குள் வருகிறது. நள்ளிரவு வரையிலான விலக்கோ ஒலிபெருக்கியைப் பற்றித்தான் பேசுகிறது. அதாவது, விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துக்கு இந்த விதிகளில் எங்கேயும் இடம் இல்லை. எங்கள் மாவட்டத்தில் இன்றும் விடியும்வரை கூத்து நடக்கிறது என்றால், அது காவல் நிலையங்கள் காட்டும் பொறுமையால் நடக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பில் அந்தப் பொறுமை போய்விடலாம். அப்படிப் போனால் கூத்துக்காரர் எடுத்துக் காட்ட அவர் கையில் ஒரு தாளும் இருக்காது. இந்த மனுவோடு அலைந்ததில் நான் கண்டுகொண்டது இதைத்தான்.

ஆணை வந்த மாலை

ஏப்ரல் 2இல் கொடுத்த மனுவுக்கு ஏப்ரல் 24ஆம் தேதி மாலை பதில் வந்தது. மறுநாள் இரவு முதல் கூத்து. கூத்துக் குழுவுக்கு முன்பணம் கொடுத்து, பந்தல் போட்டு, ஊரெங்கும் அழைப்பிதழ் கொடுத்து முடித்திருந்தோம்.

ஆணை ஒரே பக்கம். "இரவு 10 மணி வரை" அனுமதி. அதன்கீழ் பதினான்கு நிபந்தனைகள். ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாடலோ வசனமோ கூடாது, சாதி அல்லது கட்சியைப் புகழும் பாடல் கூடாது, தலைவர்களின் படம் போட்ட பிளக்ஸ் கூடாது, மது அருந்திவிட்டு யாரும் மேடைக்கு வரக் கூடாது, அசம்பாவிதம் நடந்தால் அமைப்பாளர்களே பொறுப்பு. ஆடல் பாடல் நிகழ்ச்சிகள் தொடர்பான வழக்குகளில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்து வந்த நிபந்தனைகள்தாம் இவை. அந்த நிகழ்ச்சிகளுக்கு அவை நியாயமானவை. அதே தாளை அபிமன்யு சண்டைக்கும் கர்ண மோட்சத்துக்கும் ஒட்டிவிட்டார்கள். மீறினால் ஐந்தாண்டு சிறை என்று கடைசி நிபந்தனை எச்சரித்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் அந்தத் தண்டனைப் பிரிவு மாறி, 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆகியிருக்கிறது. பழைய ஆணையைத் திறந்து தேதியையும் ஊர்ப் பெயரையும் மாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

காரணம் எதுவும் எழுதப்படவில்லை. கூத்து இரவு ஒன்பதரை, பத்துக்குத்தான் தொடங்கும் என்று மனுவில் தெளிவாக எழுதியிருந்தோம். பத்து மணி வரை அனுமதி என்பது அதனால் மறுப்பே. மறுப்பு என்று எழுதியிருந்தால் ஏன் மறுத்தார்கள் என்று கேட்டிருக்கலாம். அனுமதி என்று எழுதியதால் கேள்விக்கும் வழியில்லாமல் போனது.

தாமதத்தைப் பற்றி ஒரு சொல். ஓசூர் அருகே கோபசந்திரத்தில் 2023 பிப்ரவரி 2ஆம் தேதி எருது விடும் விழா அன்று அனுமதி கிடைப்பதில் ஏற்பட்ட இழுபறி, தேசிய நெடுஞ்சாலை மறியலாகி, கல்வீச்சாகி, பேருந்துகளின் கண்ணாடி உடைந்து, மணிக்கணக்கில் போக்குவரத்து நின்றது. அது பகல் விழா, வேறு சட்டம். ஆனால் ஊர் கூடி நின்ற பிறகு முடிவு சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே நடந்த சான்று அது. எங்கள் ஊரில் கல் எறியப்படவில்லை. அதற்குக் காரணம் கூத்து வாத்தியார்.

ஏப்ரல் 25 இரவு

ஆணையைக் கண்ட இளைஞர்கள் சாலை மறியலுக்குப் போகலாம் என்றார்கள். வாத்தியார் அரிதாரம் குழைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "பத்து மணிக்கு மைக்க நிறுத்திடுங்க. எங்க தாத்தா காலத்துல மைக் ஏது? ஆனா ஜனத்தக் கிட்ட வந்து உக்காரச் சொல்லுங்க" என்றார்.

பத்து மணிக்கு மைக் செட்டை அணைத்தார்கள். அந்தக் கணத்தில் ஊரே காது அடைத்ததுபோல் இருந்தது. பிறகு மத்தளம் கேட்டது, அதன்மேல் முகவீணை. திரைக்குப் பின்னால் நின்று வாத்தியார் ஒரு வரி பாட, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பின்பாட்டுக்காரர்கள் அதே வரியை வாங்கி, அவரைவிட உயர்த்திப் பாடினார்கள். ஆயிரம் முறை கூத்துப் பார்த்திருக்கிறேன். ஒரே வரியை ஏன் இரண்டு முறை பாடுகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. கடைசி வரிசைக்கு வரி போய்ச் சேரத்தான் பின்பாட்டு. கயிற்றுக் கட்டில்களை ஓரத்தில் போட்டுச் சாய்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள். பதினொரு மணிக்கெல்லாம் கூத்து ஆடும் களரியைச் சுற்றி இரண்டு கை அகலம்கூட இடம் இல்லை. கட்டியங்காரன் ஒரு பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து பாக்கு எடுத்து மென்றுகொண்டே பேசினான். மைக் இருந்தால் அவன் அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டான், ஒயர் எட்டாது.

பத்தே காலுக்கு ரோந்து வண்டி வந்தது. இறங்கிய உதவி ஆய்வாளர் கால் மணி நேரம் நின்று பார்த்தார். "மைக் போடாம நடத்துங்க, நான் ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர். விதியை எழுத்துப்படி பார்த்தால் அவர் மத்தளத்தையும் நிறுத்தியிருக்க வேண்டும். அந்த இரவில் கூத்து நடந்தது அவருடைய மனத்தால், ஆணையால் அல்ல.

கிழக்குத் தெருவின் புகார்

அனுமதி ஏன் பத்து மணியோடு நின்றது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஊருக்குக் கிழக்கே புதிதாக மனை பிரித்துக் கட்டிய வீடுகள் நாற்பதுக்குக் குறையாமல் உண்டு. அங்கிருந்து ஒரு பெண்மணி, விழாவுக்கு முன்பே காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருந்தார். அவர் கணவர் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மகள் மே 4ஆம் தேதி நீட் தேர்வு எழுதப்போகிறவள். தேர்வு பிற்பகல் 2 மணிக்கு, 1.30க்கு வாயிற்கதவை மூடிவிடுவார்கள். அதற்கு முந்தைய இரவுதான் பதினெட்டாம் போர்.

புகார் வந்தது விழாக் குழுவுக்குத் தெரியாது. விழாக் குழு என்னென்ன கேட்டிருக்கிறது என்பது அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. இரண்டு தாளும் ஒரே அலுவலகத்தில், ஒருவேளை ஒரே கோப்பில், மூன்று வாரம் கிடந்தன. இரு தரப்பையும் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார வைத்திருந்தால் முடிந்திருக்கும். எனக்கு இந்த முழு நிகழ்விலும் ஆற்றாமை தருவது இந்த இடம்தான்.

ஏப்ரல் 28ஆம் தேதி திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்தோம். உயர் நீதிமன்றம் போகலாம் என்றும் பேச்சு வந்தது. சென்னைக்குப் போய் வழக்கறிஞர் பிடித்து, ஆணை வாங்கி வருவதற்குள் தர்மருக்குப் பட்டாபிஷேகமே முடிந்துவிடும் என்று விட்டுவிட்டோம். மறுநாள் மாலை கோயில் திடலிலேயே உட்கார்ந்து பேசுவது என்று முடிவாயிற்று. உதவி ஆய்வாளர், தற்போதைய கிராம நிர்வாக அலுவலர், குழுவினர், வாத்தியார், கிழக்குத் தெருக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள்.

குழுத் தலைவர் முதலில் கோபமாகவே தொடங்கினார். "ஏம்மா, ஊருத் திருவிழாவ நிறுத்தணும்னு எழுதிக் கொடுத்தீங்களாமே?"

"இல்லண்ணா. கூத்த நிறுத்தச் சொல்லி நான் எழுதவே இல்ல. போன வருசம் எங்க வீட்டுப் பக்கமே பாத்து நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தீங்க. ஆடல் பாடல் அன்னிக்கு அந்தப் பெரிய பாக்ஸ் போட்டதுல சன்னல் கண்ணாடி அதிருச்சு, என் மாமியாருக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. அத எறக்குங்கன்னுதான் எழுதினேன். கூத்துன்னா நானும் வந்து உக்காருவேன்."

அவர் கொடுத்த புகாரின் நகலை உதவி ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். அதில் கூத்து என்ற சொல்லே இல்லை. "ஆடல் பாடல்", "குழாய்", "பாக்ஸ்" என்ற மூன்றும்தான் இருந்தன. அந்தப் புகாரை வைத்துக் கூத்தைப் பத்து மணியோடு நிறுத்தியிருக்கிறார்கள். மே 4 ஆடல் பாடலுக்கோ, கேட்ட நேரத்தையே கொடுத்திருக்கிறார்கள். அது ஏழு முதல் பத்து வரைதானே, விதிக்குள் வருகிறது! கடிகாரத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்ததால் தொந்தரவு தந்தது தப்பித்து, தராதது மாட்டிக்கொண்டது.

அன்று பேசி முடித்தவை இவை. கிழக்கே பார்த்த நான்கு குழாயையும் அவிழ்த்துவிடுவது. களரியின் இரு பக்கமும் ஒவ்வொரு பாக்ஸ் மட்டும் வைத்து, உள்நோக்கித் திருப்புவது. கூத்தை எட்டு மணிக்கே தொடங்கி, பன்னிரண்டுக்கு மைக்கை நிறுத்துவது, அதன்பிறகு வாய்ப்பாட்டும் மத்தளமும் மட்டும். மே 3 இரவு மட்டும் பத்து மணிக்கே மைக்கை நிறுத்துவது. இந்தக் கடைசி யோசனையை முன்வைத்தவர் வாத்தியார். முன்னிரவில் கட்டியங்காரன் பகுதியைக் குறைத்துக் கதையை முன்னுக்கு இழுக்கிறேன் என்றும் அவரே சொன்னார். அது சிறிய விட்டுக்கொடுப்பு அல்ல. எட்டு மணிக்குக் கூத்து தொடங்க வேண்டுமென்றால் அரிதாரம் பூச ஐந்து மணிக்கு உட்கார வேண்டும். விடியற்காலை ஆறு மணிக்கு வேடம் கலைத்தவர்கள் அவர்கள்.

திருத்திய ஆணையும் கிராம சபையும்

ஏப்ரல் 30ஆம் தேதி திருத்திய ஆணை வந்தது. மே 3 தவிர மற்ற நாட்களில் நள்ளிரவு 12 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி, பேசி முடித்த நிபந்தனைகளோடு. ஊர் மகிழ்ந்தது. எனக்கு அந்த ஆணையில் இரண்டு குறைகள் தெரிந்தன. எந்த விதியின் கீழ், முன்கூட்டியே குறிக்கப்பட்ட எந்த நாட்களின் கணக்கில் இந்த விலக்கு என்று அதில் இல்லை. யாராவது கேள்வி கேட்டிருந்தால் ஆணை நின்றிருக்காது. நள்ளிரவுக்குப் பின் என்ன என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பன்னிரண்டிலிருந்து ஆறு வரை மறுபடியும் பொறுமையின் ஆட்சிதான்.

மே 1ஆம் தேதி கிராம சபை. தனி அலுவலரின் பிரதிநிதி வந்திருந்தார். இரவு நிகழ்ச்சிக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் கிராம சபைக்கு இல்லை. ஆனாலும் திடலில் பேசி முடித்ததை ஒரு தீர்மானமாக்கிப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னோம்: இனி ஊரில் எந்த நிகழ்ச்சிக்கும் குழாய் ஸ்பீக்கர் இல்லை; பாக்ஸ் வைத்தால் வீடுகளுக்கு முதுகு காட்டி வைக்க வேண்டும்; தேர்வு நாளுக்கு முந்தைய இரவில் பத்துக்கு மேல் மைக் இல்லை; தெருக்கூத்துக்கும் ஆடல் பாடலுக்கும் தனித்தனி மனு. கையெழுத்துப் போட்டவர்களில் கிழக்குத் தெருப் பெண்மணியும் ஒருவர். இந்தத் தீர்மானம் காவல் துறையைக் கட்டுப்படுத்தாது என்பது தெரியும். ஆனால் அடுத்த முறை முடிவெடுப்பவர் கையில், ஊரே யோசித்து எழுதிய ஒரு தாள் இருக்கும். தடையின்மைச் சான்றின் அந்த ஒற்றை வரி இருக்க வேண்டிய இடத்தில் இதுதான் இருந்திருக்க வேண்டும்.

மே 3, மே 4

பதினெட்டாம் போர் இரவில் பத்து மணிக்கு மைக் நின்றது. ஒரு மணி வாக்கில் நான் கிழக்குத் தெருவுக்கு நடந்து போய்ப் பார்த்தேன். அந்த வீட்டு வாசலில் நின்றால் மத்தளம் கேட்டது. தூரத்தில் யாரோ மரத்தைத் தட்டுவதுபோல. பாட்டு கேட்கவில்லை. கைப்பேசியில் அளவு பார்த்தேன். அது சாட்சியாகாது என்பதால் எண்ணை எழுதவில்லை. இந்த நிகழ்வு முழுவதிலும் ஒலியைக் கருவி கொண்டு அளந்தவர் ஒருவரும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 55, 45, 75 என்று விதியில் இருக்கும் எண்கள் எதுவும் எங்கள் ஊருக்குள் வரவே இல்லை. வந்தது கடிகாரம் மட்டும்தான். அளவுக் கருவி ஒன்று இருந்திருந்தால், கூத்துக்கும் ஆடல் பாடலுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் வாதாடி நிறுவ வேண்டியிருந்திருக்காது.

காலையில் படுகளம். துரியோதனன் தொடையில் அடி விழுந்து, அம்மன் வேடக்காரர் கூந்தல் முடிந்தபோது மணி ஒன்பதரை. அந்த மாணவி படுகளத்துக்கு வெளியே, கூட்டத்துக்கு அப்பால் நின்று கும்பிட்டுவிட்டுத் தந்தையின் வண்டியில் கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டாள். இரவு தூங்கினாயா என்று அவளைக் கேட்டேன். பன்னிரண்டரை வரை தூக்கம் வரவில்லை, அது கூத்தினாலா பயத்தினாலா தெரியவில்லை தாத்தா என்றாள்.

அன்று இரவு ஆடல் பாடல் ஏழரைக்குத் தொடங்கியது. சவுண்ட் சர்வீஸ்காரர் தனி ஜெனரேட்டரோடு, ஆள் உயரப் பாக்ஸ்கள் எட்டைக் கொண்டு வந்திருந்தார். கிராம சபைத் தீர்மானத்தைச் சொல்லித் திருப்பி வைக்கச் சொன்னோம்; திருப்பினார்கள், சத்தத்தைக் குறைக்கவில்லை. பத்து மணி வரை அது முழுக்க அனுமதிக்குள் இருந்தது. பத்தே முக்காலுக்குக் காவலர்கள் வந்து நிறுத்தினார்கள். கிழக்குத் தெருவிலிருந்து அன்று தொலைபேசியில் புகார் செய்தவர்கள் மூன்று பேர். ஒன்பது இரவுக் கூத்தில், குழாயை அவிழ்த்த பிறகு, ஒருவரும் புகார் செய்யவில்லை.

அதன் பிறகு

அடுத்த விழாவுக்கான மனுவை இம்முறை தை மாதமே எழுதிவிட்டோம். கூத்துக்குத் தனி மனு. கிராம சபைத் தீர்மானத்தின் நகல், பாக்ஸ் எந்தத் திசை பார்த்து இருக்கும் என்று அம்புக்குறி போட்ட வரைபடம், கிழக்குத் தெருவின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். மாவட்ட நிர்வாகத்துக்குத் தனியாக ஒரு விண்ணப்பமும் போயிருக்கிறது: மாசி முடிவதற்குள் எல்லா ஊராட்சிகளிடமிருந்தும் பாரத விழாத் தேதிகளை வாங்கி, 2010 திருத்தம் தரும் வழியில் குறிக்க முடிந்த நாட்களைக் குறிக்க வேண்டும், ஒலிபெருக்கி இல்லாத தெருக்கூத்தை இரவுத் தடையிலிருந்து விலக்கும்படி அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். மத்தளக்காரர் ஒருவர் தன் கையால் எழுப்பும் ஒலியையும் ஆள் உயரப் பாக்ஸ் எழுப்பும் ஒலியையும் விதி ஒரே தடைக்குள் வைக்கிறது. அந்தத் தடையை மாற்றும் அதிகாரம் ஊரிடமும் இல்லை, காவல் நிலையத்திடமும் இல்லை.

மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பத்துக்கு இன்னும் வரவில்லை. வாத்தியார் வைகாசிக்கு வேறு ஊரில் தாம்பூலம் வாங்கிவிட்டார். எங்களுக்கென்று சித்திரையில் ஒன்பது நாட்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்.